ஏழு வருடமாக நான் திறந்து பார்க்கும் தளம்: காங்கிரஸ்.கவ்

2019 மே மாதம், ஒரு வியாழக்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் வாசலில் காரை நிறுத்திக்கொண்டு, எங்கள் தொகுதியின் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரின் வாஷிங்டன் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த இளைஞர் பணிவாகத்தான் பேசினார். நான் கேட்டது, வேலை அடிப்படைக் கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு இத்தனைதான் என்ற வரம்பை நீக்கும் எச்.ஆர். 1044 என்ற மசோதாவைப் பற்றி. "அதற்கு எங்கள் உறுப்பினரின் முழு ஆதரவு உண்டு, மேடம்" என்றார். மடியில் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் அந்த மசோதாவின் இணை முன்மொழிவாளர்கள் பட்டியல். கோஸ்பான்சர் என்று இங்கே எல்லோரும் சொல்வார்களே, அந்தப் பட்டியல். இரண்டு முறை மேலும் கீழும் தேடிவிட்டேன். "பட்டியலில் அவர் பெயரைக் காணோமே" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "விசாரித்துச் சொல்கிறேன்" என்றார். மூன்று வாரம் கழித்து அதே பட்டியலில் அவர் பெயர் ஏறியிருந்தது, பக்கத்தில் தேதியோடு.

நான் ஒருத்தி போன் செய்ததால்தான் பெயர் ஏறியது என்று சொல்ல மாட்டேன். அந்த மாதம் நம் ஆட்கள் எத்தனையோ பேர் அழைத்தார்கள். ஆனால் "ஆதரவு உண்டு" என்ற வாய்வார்த்தைக்கும், பட்டியலில் தேதியோடு நிற்கும் பெயருக்கும் எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அந்தத் தூரத்தை அளக்க எனக்குக் கிடைத்த ஒரே அளவுகோல், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் மசோதாக்களைப் பதிந்துவைக்கும் காங்கிரஸ்.கவ் தளம். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதி, அதாவது வரிசையில் எங்கள் இடத்தைச் சொல்லும் தேதி, 2014. வேலைவழிக் கிரீன் கார்டில் ஈபி-2 என்ற பிரிவு, நாடு இந்தியா. வேலை அடிப்படையில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,40,000 கிரீன் கார்டு, அதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நாடு சின்னதோ பெரியதோ, எல்லோருக்கும் அதே 7 தான். நாலு வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறி வந்த மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இருபத்தொன்று முடிந்தால் எங்கள் விசாவின் நிழலில் அவள் இருக்க முடியாது. அதனால் அந்த 7 சதவீதத்தை மாற்ற யார் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது எங்கள் வீட்டில் மளிகைக் கணக்குப் பார்ப்பது போல ஆகிவிட்டது.

தளத்தை நடத்துவது அமெரிக்க நாடாளுமன்ற நூலகம். கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை. இதற்கு முன்பு தாமஸ் என்றொரு தளம் இருந்தது. ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் நினைவாக வைத்த பெயர், 1995இல் வந்தது. 2012இல் காங்கிரஸ்.கவ் சோதனை நிலையில் தொடங்கியது, 2016இல் தாமஸை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு முழுதாக இதுவே நின்றது.

உறுப்பினர் பெயரைத் தேடினால் அவருக்கென்று ஒரு பக்கம் வரும். அவர் தாமே முன்மொழிந்த மசோதாக்கள் தனி, பிறர் மசோதாவில் கையெழுத்துச் சேர்த்தவை தனி. இடது பக்கத்து ஃபில்டரில் எத்தனையாவது காங்கிரஸ் (இரண்டு வருடத்துக்கு ஒன்று), எந்தத் துறை, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகச் சுருக்கிக்கொண்டே போகலாம். முதலில் நான் செய்த வேலை, எங்கள் உறுப்பினர் பக்கத்தில் "சட்டமானது" என்பதைத் தட்டியது. நீளமான பட்டியல் சட்டென்று இரண்டு வரியாகச் சுருங்கியது. அதில் ஒன்று ஒரு தபால் நிலையத்துக்குப் பெயர் வைக்கும் சட்டம்.

அதைப் பார்த்து அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இப்போது வராது. ஒவ்வொரு இரண்டு வருடக் காங்கிரஸிலும் பத்தாயிரத்துக்கும் மேல் மசோதாக்கள் வருகின்றன, சட்டமாவது சில நூறுதான். அந்தச் சில நூறிலும் கணிசமான பங்கு தபால் நிலையத்துக்குப் பெயர் வைப்பவை. மசோதா கொண்டுவருவதில் சிரமம் ஒன்றும் இல்லை. காங்கிரஸின் இரண்டு சபைகளில் ஒன்றான பிரதிநிதிகள் அவையில் (மற்றது செனட்) எழுத்தர் மேடை அருகே ஒரு மரப்பெட்டி இருக்கிறது, ஹாப்பர் என்பார்கள். அவை கூடியிருக்கும்போது கையெழுத்திட்ட தாளை அதில் போட்டால் எண் கிடைத்துவிடும். ஆகவே "எங்கள் உறுப்பினர் நாற்பது மசோதா கொண்டுவந்தார்" என்று தபாலில் வரும் வழவழப்பான அட்டையை நான் இப்போதெல்லாம் எடை போடுவதே இல்லை. அந்த நாற்பதில் எத்தனை பெட்டியைத் தாண்டி நகர்ந்தன என்றுதான் பார்க்கிறேன்.

அதைப் பார்க்கும் இடம் ஆக்ஷன்ஸ் என்ற பகுதி. இந்தத் தளத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மேலே அம்புக்குறி போல ஒரு பட்டை இருக்கும்: அறிமுகம், பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது, செனட்டில் நிறைவேறியது, ஜனாதிபதிக்குப் போனது, சட்டமானது. பலர் அந்தப் பட்டையோடு நின்றுவிடுவார்கள். பட்டை சொல்லாததை ஆக்ஷன்ஸ் சொல்லும். எந்த நாளில் எந்தக் கமிட்டிக்குப் போனது, துணைக் கமிட்டிக்குப் போனதா, விசாரணை நடந்ததா, வாக்கெடுப்பில் எத்தனைக்கு எத்தனை, எல்லாம் தேதி வாரியாக நிற்கும். பெரும்பாலான மசோதாக்களுக்கு அங்கே இரண்டு மூன்று வரிதான் இருக்கும். "நீதித்துறைக் கமிட்டிக்கு அனுப்பப்பட்டது." அதற்குக் கீழே வெற்றிடம். அந்த வெற்றிடத்தைப் பார்க்கப் பழகிவிட்டால் யார் பேசுவதைக் கேட்பது, யாரை விடுவது என்பது தானாகப் பிடிபடும்.

அந்த 7 சதவீதத்தை மாற்ற வந்த எங்கள் மசோதாவின் தடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் யூட்டாவின் ஜேசன் சாஃபெட்ஸ் கொண்டுவந்த எச்.ஆர். 3012, அந்த வருடம் நவம்பர் 29ஆம் தேதி பிரதிநிதிகள் அவையில் 389க்கு 15 என்று நிறைவேறியது. 389க்கு 15! இரண்டு கட்சியும் சேர்ந்து அப்படி வாக்களித்த ஒன்று செனட்டில் அசையாமல் கிடந்து அந்தக் காங்கிரஸோடு போய்விட்டது. நான் அமெரிக்கா வந்து அப்போது ஒரு வருடம்தான். அப்படி ஒன்று நடந்ததே தெரியாமல் குழந்தைக்குக் குளிர்கோட்டு தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். பல வருடம் கழித்து ஓர் இரவில் இந்தப் பக்கத்தில்தான் அதைப் படித்தேன்.

2017இல் சாஃபெட்ஸ் மறுபடி கொண்டுவந்தார், எச்.ஆர். 392. அந்தப் பக்கத்தைத் திறந்தால் இன்றும் முன்மொழிந்தவர் என்று அவர் பெயர்தான் இருக்கும். ஆனால் அந்த வருட நடுவிலேயே அவர் பதவி விலகிவிட்டார். மசோதாவைக் கையிலெடுத்து இணை முன்மொழிவாளர்களை முந்நூறுக்கும் மேல் சேர்த்தவர் கான்ஸஸின் கெவின் யோடர். அது எங்கே தெரியும்? ஆக்ஷன்ஸில் ஒரே ஒரு வரியில். இனி என்னை முதல் முன்மொழிவாளராகக் கருத அவை இசைய வேண்டும் என்று யோடர் கேட்டுக்கொண்டதாக இருக்கும். யோடரின் முன்மொழிவுப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த உழைப்பு கண்ணில் படாது.

அடுத்த வருடம் ஜூலையில் அவர் இதே ஏற்பாட்டை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் நிதி மசோதாவில், நிதி ஒதுக்கீட்டுக் கமிட்டிக்குள்ளேயே ஒரு திருத்தமாகச் சேர்த்தார். அன்றைக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். நான் அவர் பக்கத்தில் அந்தத் திருத்தத்தைத் தேடித் தேடிக் களைத்தேன். காரணம் பிறகுதான் புரிந்தது: அவையில் கொண்டுவரும் திருத்தங்களுக்கு எண் உண்டு, அவை உறுப்பினர் பக்கத்தில் வரும். கமிட்டிக்குள் நடக்கும் திருத்தங்கள் அப்படி வருவதில்லை. கமிட்டியின் சொந்தத் தளத்திலோ, டாக்ஸ்.ஹவுஸ்.கவ் என்ற தளத்திலோதான் தேட வேண்டும். ஓர் உறுப்பினரின் முக்கால்வாசி வேலை கமிட்டியில்தான் நடக்கிறது என்று நினைப்பவள் நான். அதனால் இதைப் பெரிய குறையாகத்தான் சொல்வேன்.

இதோடு வைத்துப் பார்க்க இன்னொன்று. 2022 ஜூலையில் வட கரோலினாவின் டெபோரா ராஸ், எங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளுக்காகப் பாதுகாப்புத் துறை மசோதாவில் அவையிலேயே ஒரு திருத்தம் சேர்த்தார். அவையும் அதை ஏற்றுக்கொண்டது. டிசம்பரில் வந்த இறுதி மசோதாவில் அந்தப் பகுதி இல்லை. திருத்தம் ஏற்கப்பட்டது என்ற வரி மட்டும் அப்படியே நிற்கிறது. அதனால் ஒரு வரியைப் படித்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். பெரிய மசோதாவின் கடைசி வடிவத்தைத் திறந்து, அந்தப் பிரிவு உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். டெக்ஸ்ட் பகுதியில் ஒவ்வொரு கட்டத்து வடிவமும் தனித்தனியாகக் கிடைக்கும்.

2020 டிசம்பர் 2ஆம் தேதி இரவை நான் மறக்க மாட்டேன். செனட்டில் மைக் லீயின் எஸ். 386 ஒருமனதாக நிறைவேறியது. குழுவில் பட்டாசுப் படங்கள். சென்னையிலிருந்து என் அம்மா விடியற்காலையில் கூப்பிட்டு, "கிரீன் கார்டு வந்துடுச்சாமே, பெருமாளே" என்று அழுதார். குழுவில் ஒரு தம்பி எழுதினான்: "அக்கா, ஹவுஸ்ல போன வருஷமே பாஸ் ஆச்சு. இப்ப செனட்லயும் ஆயிடுச்சு. இனி கையெழுத்துதானே பாக்கி?" எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இருந்தாலும் கைகள் தாமாகத் தளத்தைத் திறந்தன.

இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துக்கொண்டேன். ஒன்று கலிஃபோர்னியாவின் ஜோ லோஃப்கிரன் கொண்டுவந்த எச்.ஆர். 1044: 2019 ஜூலை 10, பிரதிநிதிகள் அவை, 365க்கு 65. மற்றொன்று எஸ். 386: செனட். பெயர் கிட்டத்தட்ட ஒன்று, நோக்கம் ஒன்று, ஆனால் மசோதா இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு சபையைத்தான் தாண்டியிருக்கிறது. செனட் வடிவத்தில் சீன ராணுவத்தோடும் கம்யூனிஸ்ட் கட்சியோடும் தொடர்புள்ளவர்களைப் பற்றி ஒரு புதுப் பிரிவு, இன்னும் சில நிபந்தனைகள். எழுத்துக்கு எழுத்து ஒரே வடிவத்தை இரண்டு சபையும் ஏற்றால்தான் ஜனாதிபதிக்குப் போகும். அதற்கு இருந்தது ஒரு மாதம். ஜனவரி 3ஆம் தேதி புதுக் காங்கிரஸ். அன்றோடு பழையவை எல்லாம் செல்லாது. "ரெண்டும் வேற வேற பில், தம்பி. இன்னும் சந்தோஷப்படாதே" என்று எழுதிவிட்டு அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டேன். அவரிடம் அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த மாதமும் முடிந்தது, மசோதாவும் முடிந்தது. இந்தத் தளத்தின் மேல் எனக்குள்ள முக்கியமான மனத்தாங்கல் இங்கேதான். இன்றைக்கும் எஸ். 386 பக்கத்தைத் திறந்தால் பட்டையில் "செனட்டில் நிறைவேறியது" என்று தெம்பாக நிற்கும். இது காலாவதியானது என்று ஒரு வார்த்தை கிடையாது. காங்கிரஸின் எண்ணையும் வருடத்தையும் பார்த்து நாமே புரிந்துகொள்ள வேண்டும். புதிதாக வருபவர்கள் எத்தனை பேர் இதைப் பார்த்துவிட்டு இன்னும் உயிரோடு இருப்பதாக நம்பி எங்களிடம் கேட்கிறார்கள் தெரியுமா?

அதற்காகத்தான் கவ்ட்ராக்கையும் கூடவே வைத்திருக்கிறேன். 2004 முதல் இருக்கும் தனியார் தளம், இதுவும் இலவசம். அங்கே அதே மசோதாவைத் திறந்தால் முந்தைய காங்கிரஸில் இறந்துபோனது என்று நேராக எழுதியிருக்கும். மனசு கனக்கும், ஆனால் உண்மை தெரியும். ஒரு மசோதா தனியாகச் சட்டமாகாமல் அதன் பகுதிகள் வேறு பெரிய மசோதாவுக்குள் போய்ச் சட்டமாகியிருந்தால் அதையும் சொல்ல முயல்கிறது. உறுப்பினர் எத்தனை வாக்கெடுப்பைத் தவறவிட்டார் என்பதை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் படமாகவே போட்டிருப்பார்கள். வாக்களித்த வரலாற்றை ஒருவர் பெயரில் சேர்த்துப் பார்க்க எனக்கு இதுவே வசதி. காங்கிரஸ்.கவ்வில் நான் பழகிய வழி, ஆக்ஷன்ஸ் வரியில் உள்ள வாக்கெடுப்பு எண்ணைத் தட்டி அவை எழுத்தரின் தளத்துக்குப் போய்ப் பெயரைத் தேடுவதுதான். ஒரு வாக்கெடுப்புக்குச் சரி. ஐம்பதுக்கு முடியாது.

ஆனால் கவ்ட்ராக் போடும் மதிப்பெண் அட்டையை நான் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. எண்ணிக்கை எதைக் காட்டும், எதை மறைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2019 ஜனவரியில் கனெக்டிகட்டின் ஜோ கோர்ட்னி எச்.ஆர். 748 என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். மருத்துவக் காப்பீட்டின் மேல் வரவிருந்த ஒரு வரியை நீக்குவதுதான் அதன் வேலை. அடுத்த வருடம் கொரோனா வந்தபோது, செனட் அதன் உள்ளடக்கத்தை முழுதாக எடுத்துவிட்டு இரண்டு டிரில்லியன் டாலருக்கும் மேலான நிவாரணத்தை அதே எண்ணுக்குள் வைத்தது. கேர்ஸ் சட்டம் என்று நாம் எல்லோரும் அறிந்த சட்டம், பதிவேட்டில் இன்றும் கோர்ட்னி முன்மொழிந்த மசோதா. அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும், அந்தப் பெயரை வைத்து அவர் சாதனையை எண்ணினால் கணக்கு தப்பு. லோஃப்கிரன் பக்கத்தில் எச்.ஆர். 1044 சட்டமாகாத மசோதாக்களில் ஒன்று. அதற்குப் பிறகு 2021இல் அவர் கொண்டுவந்த எச்.ஆர். 3648 கமிட்டியைத் தாண்டியது, 2022 டிசம்பரில் அவைக்கு வரும் என்றார்கள், வாக்கெடுப்புக்கு வராமலே போனது. எண்ணிப் பார்த்தால் பூஜ்யம். ஆக்ஷன்ஸைப் படித்தால், மறுபடி மறுபடி எழுந்து நிற்கும் ஒருவர் தெரிவார்.

நடுவில் ஒரு கட்டணச் செயலியையும் ஆறு மாதம் வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். உறுப்பினருக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும், நிறைவேறியதற்குப் பச்சை டிக் போடும். எங்கள் உறுப்பினருக்கு வரிசையாகப் பச்சை. திறந்து பார்த்தால் பாதி எச்.ரெஸ். என்று தொடங்கும் தீர்மானங்கள். யாரையாவது வாழ்த்துவது, ஒரு வாரத்தை எதற்காவது அறிவிப்பது. அந்த வகைத் தீர்மானம் ஒரு சபையோடு முடிந்துவிடும், சட்டமே ஆகாது. எச்.ஆர்., எஸ். என்று தொடங்குபவையும், எச்.ஜே.ரெஸ்., எஸ்.ஜே.ரெஸ். என்ற கூட்டுத் தீர்மானங்களும்தான் சட்டமாக முடியும். இந்த வித்தியாசத்தைக் காட்டாமல் பணம் வாங்குவது சரியில்லை. நிறுத்திவிட்டேன். ஃபில்டரில் இதே வேலையை ஒரு தட்டில் இலவசமாகச் செய்யலாம்.

சின்னச் சின்ன விஷயங்கள்: மசோதா அறிமுகமான அன்றே அதன் வாசகம் கிடைக்காது, சில நாள் ஆகும், பொறுமை வேண்டும். சுருக்கத்தை நாடாளுமன்ற ஆய்வுச் சேவையினர் எழுதுகிறார்கள். யார் பக்கமும் சாயாத சுத்தமான நடை. ஆனால் புது மசோதாவுக்கு அது தயாராகவே நாளாகும். போனில் தளம் வேலை செய்கிறது, ஃபில்டர் மட்டும் கொஞ்சம் சிரமம். மடிக்கணினியில்தான் நன்றாக இருக்கும்.

மிகவும் பயன்படுவது அறிவிப்பு வசதி. இலவசக் கணக்கு ஒன்று திறந்து, மசோதா பக்கத்திலோ உறுப்பினர் பக்கத்திலோ பதிந்துவிட்டால் மாற்றம் வரும்போது மின்னஞ்சல் வரும். இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். மசோதாவுக்குப் பதிந்த அறிவிப்பு அந்தக் காங்கிரஸோடு பயனற்றதாகிவிடும். புதுக் காங்கிரஸில் அதே மசோதா வேறு எண்ணில் வரும். நான் 2021இல் மூன்று மாதம் செத்துப்போன எண்ணுக்குக் காத்திருந்தேன். உறுப்பினருக்குப் பதிந்தால் அவர் பதவியில் இருக்கும்வரை தொடரும். ஆகவே மசோதாவுக்கு ஒன்று, அதை வழக்கமாகக் கொண்டுவருபவருக்கு ஒன்று, உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒன்று என மூன்றாகப் பதிந்துகொள்ளுங்கள். நமக்கு ஓட்டு இல்லையே என்று தயங்க வேண்டாம். அந்தத் தொகுதியில் குடியிருக்கிறோம், வரி கட்டுகிறோம், கேட்கலாம்.

போன மாதம் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது அவள் பெயரிலும் ஒரு கணக்குத் திறந்தோம். தனக்கான மசோதாவை அவளே தேடி எடுத்தாள். இணை முன்மொழிவாளர் பட்டியலைத் தேதி வாரியாகப் புரட்டி, "அம்மா, நம்ம ஆளு இதில் இல்லையே" என்றாள். அலுவலக எண் என் போனில் இருந்தது. "நானே பேசறேன்" என்று வாங்கிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள்.